வண்டிக் கொட்டகையில் கம்ப்ரசர்: இடமும் அமைப்பும்

நம் அங்கத்தினர் பலருடைய வீடுகளில் வண்டிக் கொட்டகை என்று ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அங்கே மாட்டு வண்டியும், நுகத்தடியும், மசகு அடைத்த மூங்கிற் குழலும் இருந்தன. இன்று அவ்விடத்தில் டிராக்டரோ, சரக்கு ஆட்டோவோ, இரண்டு மோட்டார் சைக்கிள்களோ நிற்கின்றன. மாடு வைக்கோலும் தண்ணீரும் கேட்டது. இவையோ எண்ணெயும் காற்றும் கேட்கின்றன. விதைப்பு நாளில் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டால் கடைவீதி வரையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். விசைத்தறி வைத்திருப்போர்க்குத் தறியிலும் மோட்டாரிலும் படியும் பஞ்சுத் தூசு ஓயாத தொல்லை. இக்காரணங்களால் கம்ப்ரசர் ஒன்றை விலைக்கு வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்வோரைப் பல ஊர்களிலும் காண்கிறோம். காற்றமுக்கி எந்திரம் என்று அதனைத் தமிழிற் கூறலாமாயினும், கடைக்காரரும் மெக்கானிக்கும் கம்ப்ரசர் என்றே வழங்குவதால் நாமும் அச்சொல்லையே ஆளுவோம்.

எந்திரத்தை வாங்கும்போது விலையைப் பற்றி நான்கு கடைகளில் விசாரிக்கிறோம். அதனை எங்கே வைப்பது என்பதைப் பற்றி மட்டும் ஒருவரையும் விசாரிப்பதில்லை. மின்சாரப் பிளக்கு எந்தச் சுவரில் இருக்கிறதோ அந்தச் சுவரோரமே எந்திரத்தின் இடமாகிவிடுகிறது. நானும் அவ்வாறே செய்தவன்தான். தறிக்கூடத்தை ஒட்டிய மூலையில் பிளக்கு இருந்தது. எந்திரமும் அங்கேயே உட்கார்ந்தது. இரண்டே மாதத்தில் காற்று வடிகட்டி பஞ்சால் அடைபட்டு, மெத்தைபோல் தடித்துவிட்டது. எந்திரம் காற்றுக்குத் திணறி, மோட்டார் சூடேறி, ஒரு நாள் எரிந்த வாடையுடன் நின்றுவிட்டது. மோட்டாரைத் திரும்பக் கம்பி சுற்றக் கொடுத்த கூலியில் நல்ல சாய்ப்பு ஒன்றே போட்டிருக்கலாம்.

கம்ப்ரசர் என்பது யாது?

கொல்லர் உலைக்களத்துத் துருத்தியை யாவரும் அறிவோம். துருத்தி காற்றை ஊதும்; சேர்த்து வைக்காது. கம்ப்ரசரில் பிஸ்டன் ஒன்று சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடி, வெளிக் காற்றை உள்ளிழுத்து, இரும்புத் தொட்டிக்குள் மேன்மேலும் திணிக்கிறது. தொட்டியில் குறித்த அளவு அழுத்தம் ஏறியதும் பிரஷர் ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்துகிறது. அழுத்தம் குறைந்ததும் திரும்ப ஓட்டுகிறது. அழுத்தம் எல்லை மீறினால் பாதுகாப்பு வால்வு தானே திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் சுரங்கப் பாதையில் 1861 முதல் பாறை துளைக்கும் எந்திரங்களை ஓட்டியது இத்தகைய அமுக்கிய காற்றுதான். 1871-ல் அப்பாதை திறக்கப்பட்டது. நம் கொட்டகையில் இருப்பது அதே தத்துவத்தின் சிறு வடிவம்.

ஆழ்குழாய்க் கிணற்றில் காற்றை ஊதித் தண்ணீர் ஏற்றும் கம்ப்ரசரை விவசாயிகள் நன்கு அறிவார்கள். அதன் வேலையும் அமைப்பும் வேறு. இங்கே சொல்வன அதற்குப் பொருந்தா.

இத்தொட்டியின் வலிமையை ஒரு கணக்கினால் உணரலாம். அழுத்தமானி சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ என்று காட்டுகிறது என்போம். தொட்டியின் பக்க மூடி 30 சென்டிமீட்டர் விட்டமுள்ளதாயின் அதன் பரப்பு சுமார் 707 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் அந்த ஒரு மூடியை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 5,650 கிலோ. 75 கிலோ நெல் மூட்டைகள் 75-ஐ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அம்மூடியின்மேல் வைத்தாற்போன்ற பாரம் அது. வெறுங் காற்றுத்தானே என்று எண்ணி, இதன் பக்கத்தில் தொட்டிலைக் கட்டுவோரும், கட்டிலைப் போடுவோரும் இக்கணக்கைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

புதிதாகக் கம்ப்ரசர் வாங்கியோர் சில நாட்களில் ஒரு குறை கூறுவர்: "தொட்டிக்குள் தண்ணீர் வருகிறது, எந்திரம் பழுது போலும்." எந்திரத்தில் பழுதில்லை. அத்தண்ணீர் நாம் சுவாசிக்கும் காற்றிலேயே இருப்பது.

30 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாகச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். நம் நாட்டில் ஈரப்பதம் நூற்றுக்கு 70 உள்ள ஒரு நாளில், அதில் 21 கிராம் இருக்கும். 2 குதிரைத் திறனுள்ள எந்திரம் நிமிடத்திற்கு 200 லிட்டர், அதாவது ஒரு மணிக்கு 12 கன மீட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. அக்காற்றுடன் சேர்ந்து 252 கிராம் நீராவியும் உள்ளே போகிறது. 8 கிலோ அழுத்தத்தில் அந்தப் 12 கன மீட்டர் காற்று ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. சுருங்கிய காற்று பழைய வெப்ப நிலைக்கு ஆறும்போது 40 கிராம் நீராவியை மட்டுமே தாங்கும். மீதமுள்ள 210 கிராம் என்ன ஆகும்? நீராகத்தான் இறங்க வேண்டும். ஒரு மணி நேர ஓட்டத்திற்கு ஒரு தம்ளர் தண்ணீர்! ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது இன்னும் கூடும்.

அந்நீரில் ஒரு பகுதி தொட்டியின் அடியில் தேங்குகிறது. காற்று நன்றாக ஆறாவிட்டால் மறுபகுதி குழாயில் போய்ச் சேருகிறது. தொட்டியில் தேங்கிய நீர் இரும்பை உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே வர்ணம் புதிதுபோல் மின்னும். உள்ளே தகடு தாள்போல் மெலிந்திருக்கும். மேலே சொன்ன 75 மூட்டைப் பாரத்தைத் தாங்குவது அந்தத் தகடுதான் என்பதை மறக்கலாகாது. தொட்டியின் அடியிலுள்ள வடிகால் வால்வை நாள்தோறும் திறந்து நீரை வெளியேற்றுவதே இதற்கு ஒரே வழி. இங்கேதான் இடத்தின் பேச்சு வருகிறது. எந்திரத்தை மூலையில் முடுக்கி, அதன் அடியில் கை நுழையாதபடி சாமான்களை அடைத்து வைத்தால் எவர் தினந்தோறும் குனிந்து அவ்வால்வைத் திறப்பார்? முதல் வாரம் திறப்பார். பிறகு பொங்கலுக்குப் பொங்கல்தான். ஆகவே வடிகால் வால்வு கைக்கு எட்டும்படியாக வைப்பது இடம் தேர்வதில் முதல் விதி. தொட்டி தாழ இருந்தால் வால்வு இருக்குமிடத்தில் ஒரு முழங்கையைப் பொருத்தி, சிறு குழாயால் பக்கவாட்டில் நீட்டி, அதன் முனையில் வால்வை வைத்துக்கொள்ளலாம்.

வடியும் நீரில் எந்திரத்து எண்ணெயும் கலந்திருக்கும். பால்போல் வெளுத்துக் காணப்படும். அதனைக் கிணற்றோரத்திலோ, மாட்டுத் தொட்டிக்குச் செல்லும் வாய்க்காலிலோ விடலாகாது. பழைய டின் ஒன்றில் பிடித்து, எண்ணெய் மிதந்த பின் பிரித்து அப்புறப்படுத்துவதே முறை.

எங்கே வைக்கலாகாது? எங்கே வைக்கலாம்?

கம்ப்ரசருக்கு வேண்டுவன குளிர்ந்த காற்று, தூய காற்று, தாராளமான காற்று. இம்மூன்றும் எங்கே கிடைக்குமென்று பார்ப்போம்.

தறிக்கூடம் உதவாது என்பதை என் பிழையால் முன்னரே கூறினேன். அடைபடுதல் மாத்திரமன்று, பிரஷர் ஸ்விட்ச் விட்டுவிட்டுப் பிரியும்போதும் சேரும்போதும் சிறு தீப்பொறி எழும். பஞ்சு பறக்கும் இடத்தில் அப்பொறி வேண்டவே வேண்டாம். இதே காரணத்தால் பெட்ரோல் கேன், பெயிண்ட், தின்னர் முதலியன இருக்கும் அறையும் தகாது. வர்ணம் தெளிப்போர் தெளிக்கும் இடத்திலேயே எந்திரத்தை வைத்துக்கொள்வதைப் பல பட்டறைகளில் காணலாம், அது கண்மூடித்தனம். தவிட்டுத் தூசு பறக்கும் தானிய அறை, பூச்சி மருந்து வைக்கும் அறை, ஜெனரேட்டர் புகை வரும் திசை ஆகியவற்றையும் விலக்குக. மாட்டுத் தொழுவத்தை ஒட்டி வைத்தால் கோமிய ஆவி செம்பையும் பித்தளையையும் அரிப்பதோடு, திடீரென எழும் ஓசையால் கறவை மாடு மிரளும்.

மாடிப்படிக்குக் கீழே உள்ள பொந்து பலருக்கும் பிடித்தமான இடம். இடம் வீணாகாமல் பயன்படுகிறதே என்று மகிழ்வர். ஆனால் அங்கே காற்றோட்டம் கிடையாது. எந்திரம் தான் வெளிவிட்ட சூட்டையே திரும்ப உள்ளிழுக்கும். பம்பிலிருந்து வெளிவரும் காற்று கொதிநீரைக் காட்டிலும் சூடானது. அச்சூட்டை ஆற்றுவது சுற்றியுள்ள காற்று ஒன்றே. உள்ளிழுக்கும் காற்று 3 பாகை கூடுதலாகச் சூடேறினால், சேரும் காற்றின் நிறை நூற்றில் ஒரு பங்கு குறைகிறது. அந்நட்டம் சிறிது, பெரிய நட்டம், எண்ணெய் கருகி வால்வுகளில் கரியாகப் படிவதும் பிஸ்டன் வளையங்கள் தேய்வதும்தான். ஓசை கேட்காதிருக்கப் பெட்டி செய்து மூடி வைப்போர்க்கும் இதுவே விடை. மூடுவதானால் கீழே ஒரு திறப்பும், எதிர்ச் சுவரில் மேலே ஒரு திறப்பும் பெரிதாக வைத்துத்தான் மூட வேண்டும்.

எனது தேர்வு, வண்டிக் கொட்டகையின் வெளிச் சுவரை ஒட்டிப் போடும் சாய்ப்பு. வடக்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ நன்று. மேற்குச் சுவரில் சித்திரை வெயில் மாலை வரையில் காய்ந்து, தகரக் கூரையை அடுப்பாக்கிவிடும். நான்கடி அகலம், ஆறடி நீளம் ஒரு சிறு எந்திரத்திற்குப் போதும். கூரை இரண்டடி வெளியே நீண்டிருந்தால் சாரல் அடிக்காது. பக்கங்களில் கம்பி வலை அடித்துவிட்டால் எலியும் ஓணானும் நுழையா. கோழிகளுக்கும் அவ்வலை வேண்டும். கம்ப்ரசரின் மேல் அடைகாக்க அமர்ந்த கோழியை நான் பார்த்திருக்கிறேன். ஆடிக் காற்றில் புழுதி எழும் ஊர்களில், காற்று வரும் பக்கம் பாதி உயரத்துக்குச் செங்கற் சுவர் எழுப்புவது நலம்.

வெளியே இடமில்லாதோர் கொட்டகைக்குள்ளேயே வைக்க நேரிடலாம். அப்போது வண்டி பின்னே வரும் வழியில் இல்லாதபடியும், நான்கு பக்கமும் சுவரிலிருந்து ஒன்றரை அடியேனும் விலகியும் இருக்கட்டும். பெல்ட் சக்கரத்தின் இதழ்கள்தாம் விசிறிபோல் பம்பைக் குளிர்விக்கின்றன. அப்பக்கத்தை எக்காரணத்தாலும் அடைக்க வேண்டாம். பெல்ட்டின் மேலுள்ள வலைக் கவசத்தை எண்ணெய் ஊற்றத் தொல்லையென்று கழற்றி எறிவோர் உண்டு. எந்திரம் தானே ஓடத் தொடங்கும் இயல்புடையது. நிற்கிறதே என்று வேட்டி நுனியோ சேலைத் தலைப்போ பட நின்றவரிடம் அது சொல்லிவிட்டு ஓடாது.

ஓசையையும் நினைக்க வேண்டும். பிள்ளைகள் படிக்கும் அறை, முதியோர் படுக்கும் திண்ணை, அண்டை வீட்டுச் சன்னல் ஆகியவற்றை நோக்கிச் சாய்ப்பின் திறந்த பக்கம் இராதபடி பார்த்துக்கொள்ளுதல் நல்லுறவுக்கு உதவும்.

தளம்

மண் தரையில் எந்திரம் வைக்கலாகாது. அதிர்ந்து அதிர்ந்து ஒருபுறம் புதையும். சுற்றுத் தரையைவிட அரையடி உயரமாகக் கான்கிரீட் மேடை போட்டு, மட்டப் பலகையால் சோதித்துப் பத்து நாளேனும் நீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். மழைநீரும் வாசல் கழுவும் நீரும் அதன்மேல் ஏறா.

எந்திரத்தின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டுகளை வைக்கவும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. நான்கு கால்களில் ஒன்று தளத்தைத் தொடாமல் சற்றே தூக்கி நிற்கலாம். போல்ட்டைப் போட்டு முறுக்கினால் அது இறங்கிவிடும்; ஆனால் கால் இறங்குவதற்காகத் தொட்டி வளைந்து கொடுக்கிறது. அவ்வாறு வளைந்த நிலையில் ஆயிரமாயிரம் முறை அதிர்ந்தால் கால் பற்றவைத்த இடத்தில் தொட்டி விரிசல் காணும். தூக்கி நிற்கும் காலுக்கடியில் தகடு செருகி, நான்கும் தாமாகவே சமமாக அமர்ந்த பின்னரே நட்டைப் பூட்டுக. அதுவும் ரப்பர் பிதுங்கும் அளவுக்கு வேண்டுவதில்லை. நெட்டையாக நிற்கும் தொட்டியானால் தளத்தோடு பிணைக்காமல் விடவே கூடாது, தலைப்பாரத்தால் சாயும்.

மின்சாரம்

பிளக்கு தொலைவில் இருந்தால் என்ன செய்கிறோம்? மெல்லிய கம்பியில் நீட்டிப்புப் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொள்கிறோம். இதனால் எரிந்த மோட்டார்கள் கணக்கில.

2 குதிரைத் திறன் மோட்டார் 230 வோல்ட்டில் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். புறப்படும் நொடியில் அதைப்போல் ஐந்து மடங்கு, 50 ஆம்பியர் கேட்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 30 மீட்டர் நீட்டினால் போக வர அதன் தடை ஒரு ஓமுக்குச் சற்று மேல். ஆகவே புறப்படும்போது கம்பியிலேயே 54 வோல்ட் தொலைந்து, மோட்டாருக்கு 176 தான் மிஞ்சும். நம் ஊர்களில் மாலை வேளையில் மின்னழுத்தமே குறைந்திருப்பதும் உண்டு. மோட்டார் சுழல மாட்டாமல் முனகிக்கொண்டே சூடேறும். அதே தொலைவுக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பயன்படுத்தினால் இழப்பு 14 வோல்ட்தான்.

ஆதலின் மின்கம்பியை நீட்டாதீர். காற்றுக் குழாயை நீட்டுக. காற்றுக் குழாய் நீண்டால் மோட்டாருக்குத் தீங்கில்லை. கம்ப்ரசருக்கென்று மீட்டர் பலகையிலிருந்து தனி வரி இழுத்து, மோட்டாருக்கு ஏற்ற சர்க்யூட் பிரேக்கரும், மின்கசிவு கண்டால் துண்டிக்கும் கருவியும், எந்திரத்தின் பக்கத்திலேயே கைக்கெட்டும் ஒரு ஸ்விட்சும் வைக்கச் சொல்லுங்கள். எர்த் கம்பி கட்டாயம். ஈரக் காலோடு வடிகால் வால்வைத் தொடப் போகிறவர் நாம்தாமே! இவற்றை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்விக்க வேண்டும். விவசாயப் பம்புசெட்டுக்குரிய இலவச இணைப்பிலிருந்து கம்ப்ரசரை ஓட்டுவது விதிக்கு முரணானது. வீட்டு இணைப்பில் எவ்வளவு பளு ஏற்றலாம், தொழிலுக்குப் பயன்படுத்தினால் எந்தக் கட்டண வகையில் வரும் என்பவற்றை மின்வாரிய அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டறிதல் பின்னால் வரும் அபராதத்தைத் தவிர்க்கும்.

மோட்டார் நிற்கும் ஒவ்வொரு தடவையும் "புஸ்" என்று சிறு ஓசை கேட்கும். பம்புக்கும் தொட்டிக்கும் நடுவேயுள்ள குழாயில் அடைபட்ட காற்றை எந்திரம் விடுவிக்கும் ஓசை அது. அவ்வோசை நின்றுபோனால் அடுத்த முறை மோட்டார் அழுத்தத்தை எதிர்த்துப் புறப்பட நேர்ந்து திணறும். உடனே மெக்கானிக்கை அழைக்கவும்.

குழாய்: இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

நம்முள் விவசாயம் செய்வோர் வீட்டில் எப்போதும் நாலைந்து பி.வி.சி. குழாய்கள் மிச்சம் இருக்கும். கிணற்றுக்கும் வரப்புக்கும் வாங்கியவற்றில் மீந்தவை. அவற்றின்மேல் 6 கிலோ, 10 கிலோ என்று அழுத்தமும் அச்சிட்டிருக்கும். கம்ப்ரசரில் இருப்பதும் 8 கிலோதானே, 10 கிலோக் குழாய் தாங்காதா என்று கேட்கத் தோன்றும். தாங்குவதுபோலவே காணும், ஓராண்டு, ஈராண்டுகூடத் தாங்கும். அதுதான் அபாயம்.

அக்குழாயில் அச்சிட்ட அளவு தண்ணீருக்கானது. தண்ணீரை அமுக்கினால் அது சுருங்குவதில்லை. குழாய் வெடித்தால் அழுத்தம் அந்நொடியே அற்றுப்போய் நீர் கொட்டும், அவ்வளவுதான். காற்றோ வில்லைப்போலச் சுருங்கி வலிமையைச் சேர்த்து வைத்திருக்கிறது; குழாய் பிளந்தால் அவ்வலிமை முழுவதும் ஒருங்கே பாயும். போதாக்குறைக்குக் கம்ப்ரசரின் சூடும், எண்ணெய் ஆவியும், வெயிலும் பி.வி.சி.யை நாளடைவில் மொறுமொறுப்பாக்கும். பிறகு ஒரு நாள், ஒரு ஸ்பேனர் விழுந்த அதிர்ச்சியிலேயே, அது கண்ணாடிபோல் நொறுங்கிக் கூரிய துண்டுகளாய் நாற்புறமும் பறக்கும். முகத்தின் உயரத்தில் சுவரோடு செல்லும் குழாய் அது என்பதை எண்ணிப் பாருங்கள். அங்கத்தினர் எவரேனும் ஏற்கெனவே அவ்வாறு போட்டிருந்தால், இதை வாசித்து முடித்ததும் முதல் வேலையாகக் காற்றை இறக்கிவிட்டு அதைக் கழற்றிவிடும்படி வேண்டுகிறேன்.

துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், செம்புக் குழாய், அல்லது அமுக்கிய காற்றுக்கென்றே விற்கும் அலுமினியக் குழாய் இவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தலாம். தொட்டிக்கும் சுவர்க் குழாய்க்கும் நடுவே அழுத்தம் தாங்கும் ரப்பர் ஹோஸ் ஓரடி இருந்தால் எந்திரத்தின் அதிர்வு குழாய்க்கு ஏறாது. குழாய் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் கடைக்கோடியை நோக்கிச் சரிந்து செல்லட்டும். கிளை எடுக்கும்போது குழாயின் அடியிலிருந்து எடுக்காமல் மேற்புறத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே இறக்குக; அடியில் ஓடும் நீர் கிளைக்குள் வராது. கடைக்கோடியில் குழாயை ஓரடி கீழ்நோக்கி நீட்டி வடிகால் வால்வு வைத்தால் எஞ்சிய நீர் அங்கே வந்து சேரும். வர்ணம் தெளிப்போர் வடிகட்டியையும் அழுத்தம் குறைக்கும் வால்வையும் கம்ப்ரசரின் பக்கத்தில் அன்று, வேலை செய்யும் இடத்தின் பக்கத்தில் வைக்க வேண்டும். காற்று அங்கே வரும்போதுதான் ஆறி நீர் பிரிந்திருக்கும்.

காற்றை ஆளும் முறை

வேலை முடிந்ததும் மேலெல்லாம் ஒட்டிய பஞ்சைக் காற்றால் ஊதிக்கொள்ளும் பழக்கம் தறிக்காரர்களிடையே உண்டு. இது ஒழிய வேண்டும். ஊதும் காற்று கண்ணைக் கெடுக்கும், செவிப்பறையைக் கிழிக்கும், தோலில் சிறு கீறல் இருந்தால் அதன் வழியே உள்ளே புகும். இதைவிடக் கொடியது ஒன்று. விளையாட்டாக ஒருவன் உடம்பில் மற்றொருவன் ஹோஸை வைத்து ஊதியதால் குடல் கிழிந்து உயிர் போன நிகழ்ச்சிகள் நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் ஒன்றல்ல, பல நடந்துள்ளன. ஊதியவர்கள் பகைவர்கள் அல்லர். உடன் வேலை செய்த தோழர்கள். வீட்டில் கம்ப்ரசர் இருந்தால் சிறுவர்களுக்கு இதனைச் சாடை மாடையாகவன்றி வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும். ஹோஸைக் கழற்றிப் பூட்டி வைப்பது இன்னும் நன்று.

தறியைச் சுத்தம் செய்வதிலும் எச்சரிக்கை தேவை. காற்றால் ஊதினால் தூசு போய்விடுவதில்லை. தறியிலிருந்து கிளம்பி நம் நுரையீரலுக்கு இடம் மாறுகிறது. பருத்தித் தூசு நெடுங்காலம் உட்புகுந்தால் மார்பு இறுக்கமும் மூச்சுத் திணறலும் தரும் பிசினோசிஸ் என்னும் நோய் வரும். எனவே பிரஷ்ஷாலோ, தூசு உறிஞ்சும் எந்திரத்தாலோ முதலில் எடுத்துவிட்டு, எட்டாத இடுக்குகளுக்கு மட்டும், அழுத்தத்தை 2 கிலோவுக்குக் கீழே குறைத்து, மூக்கை மூடிக்கொண்டு ஊதலாம்.

சக்கரங்களுக்குக் காற்று அடிக்கும்போது அழுத்தமானியைப் பாராமல் அடிப்பது இன்னொரு பிழை. டிராக்டரின் பின் சக்கரம் உருவத்திற் பெரியது. ஆனால் அது கேட்கும் அழுத்தம் மோட்டார் சைக்கிள் சக்கரத்தைவிடக் குறைவு. டிராக்டருடன் வந்த கையேட்டில் உள்ள அளவே அளவு.

பழைய எந்திரம் வாங்கலாமா?

பம்பு பழையதாயின் பழுது பார்க்கலாம். மோட்டார் பழையதாயின் கம்பி சுற்றலாம். தொட்டி பழையதாயின் ஒன்றும் செய்வதற்கில்லை. தொட்டியில் துளை விழுந்த இடத்தில் ஒட்டு வைத்துப் பற்றவைத்துத் தருவதாகச் சொல்வார்கள். ஒரு துளை விழுந்தது என்றால் அதைச் சுற்றிலும் தகடு மெலிந்துவிட்டது என்று பொருள். ஒட்டு அத்தகட்டைத் தடிப்பாக்காது. தொழிற்சாலைகளில் அழுத்தக் கலங்களின் பாதுகாப்புக்கென 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 31-ஆம் பிரிவு வகுக்கப்பட்டது. அங்கே தொட்டியைத் தணிக்கை செய்ய ஆள் வருவர். வீட்டுக் கொட்டகைக்கு எவரும் வரமாட்டார், தணிக்கையாளரும் நாமே. பழைய எந்திரத்தைப் பார்க்கப் போனால் வடிகால் வால்வைத் திறந்து பாருங்கள். செங்கல் நிறத்தில் தண்ணீர் வந்தால், விலை எவ்வளவு மலிவாயினும், திரும்பிவிடுவதே உசிதம்.

முதல் நாள் சோதனை

எல்லாம் அமைத்தாயிற்று. எண்ணெய் மட்டத்தைக் கண்ணாடிக் குறியில் பார்த்து, வடிகால் வால்வைத் திறந்து வைத்தபடியே சில நிமிடம் ஓடவிட்டு, சக்கரம் அம்புக்குறி காட்டும் திசையில் சுழல்கிறதா என்று நோக்குக. பிறகு வால்வை மூடி, அழுத்தம் ஏறி எந்திரம் தானே நிற்கும் வரை பக்கத்தில் இருங்கள். பாதுகாப்பு வால்வின் வளையத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்தால் காற்று சீறி, விட்டதும் அடங்க வேண்டும். இதை மாதந்தோறும் செய்க. அடிக்கடி சீறுகிறதென்று அதன் திருகை இறுக்குவோர், தங்கள் காவல் நாயின் வாயைக் கட்டுவோரை ஒப்பர்.

சோப்பு நீரைக் குழைத்துத் துணியால் எல்லா இணைப்புகளிலும் தடவினால் கசியும் இடத்தில் குமிழி எழும். கசிவு சிறிதாயினும் எந்திரம் இரவெல்லாம் இடையிடையே ஓடி மின்சாரத்தைத் தின்னும்.

கடைசியாக, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, காலித் தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியின் லிட்டர் அளவை ஏறிய கிலோ அழுத்தத்தால் பெருக்கி, நிமிடத்தால் வகுத்தால், எந்திரம் உண்மையில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தருகிறது என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். 150 லிட்டர்த் தொட்டி 8 கிலோவுக்கு 6 நிமிடத்தில் ஏறினால் நிமிடத்திற்கு 200 லிட்டர். குதிரைத் திறன் ஒன்றுக்குச் சுமார் 100 லிட்டர் வந்தால் எந்திரம் செம்மையானது. கடைக்காரர் சொல்லும் எண் இதைவிடப் பெரிதாக இருக்கும்; அது பிஸ்டன் அசையும் கொள்ளளவு, வெளிவரும் காற்று அன்று. அந்த நிமிடக் கணக்கைத் தேதியோடு சாய்ப்புச் சுவரிலேயே வர்ணத்தால் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே தொட்டி நிரம்ப 6 நிமிடத்திற்குப் பதில் 8 நிமிடம் ஆகுமானால், முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். அதன் பின்னும் 8 நிமிடமே ஆனால் வால்வுத் தகடுகளையும் பிஸ்டன் வளையங்களையும் கவனிக்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லலாம்.